நடுவர் நின்ற இடம்

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? தீவில் ஈரக்காற்று தாங்கவில்லை என்று எழுதியிருந்தாய். வானிலை நிலையத்தில் வேலை பார்க்கிற நீயே காற்றைப் பற்றிப் புலம்பினால் நாங்கள் யாரிடம் போய்ச் சொல்வது? போன் எடுக்காத இடம், பதினைந்து நாளைக்கு ஒரு படகு. அதனால் விஷயத்தை ஆற அமர எழுதுகிறேன்.

என்னை நடுவர் ஆக்கிவிட்டார்கள்.

மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை நாங்கள் போகிற கோட்டை விளையாட்டுக்குத்தான். மூடிக்கிடக்கும் பிஸ்கட் பேக்டரி ஒன்றை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். நாற்பது பேர், எல்லோரும் வேலைவெட்டி உள்ளவர்கள். ராஜா, மந்திரி, ஒற்றன் என்று வேடம் போட்டுக்கொண்டு காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்த ஆளாகவே இருப்போம். பஞ்சு வைத்துத் தைத்த வாளால் சண்டை. ஒவ்வொருவருக்கும் மூன்று உயிர். உடம்பில் ஒரு அடி பட்டால் ஒரு உயிர் போகும். மூன்றும் போனால் அந்த ஆள் செத்தான். அடுத்த மாதம் கடைநிலை வேலைக்காரனாகத்தான் திரும்பி வரலாம். என் மனைவி இரண்டு வருஷமாகச் சாகாத தளபதி. டிரைவிங் ஸ்கூலில் "பிரேக், பிரேக்" என்று கத்திப் பழகிய குரல் அங்கே நன்றாகவே எடுபடுகிறது.

நான் இதுவரை வாசல் காவலன். பழைய நடுவர் வெளியூருக்கு மாற்றலாகிப் போனதும் யாரைப் போடுவது என்று பேச்சு வந்தது. பல் டாக்டர்தான் (அவர் எதிர்ப்படையில் ஒற்றன்) "நம்ம கண்ணாடிக் கடைக்காரரைப் போடுங்க, ஊருக்கே கண் பார்க்கிறவர்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். தோளில் ஒரு மஞ்சள் பட்டையைப் போட்டுவிட்டார்கள். எனக்கு நாற்பத்திரண்டு வயது. இதுவரை யாரும் என்னை எதற்கும் தேர்ந்தெடுத்ததில்லை, அக்கா.

தப்பான தீர்ப்பு என்றால் எனக்கு எப்படிப் பற்றிக்கொண்டு வரும் என்று உனக்குத் தெரியும். மொட்டைமாடி, தண்ணீர்த் தொட்டி, நாற்பத்தொன்பது ரன். இதற்கு மேல் எழுத மாட்டேன்.

தைலம் அனுப்பியிருக்கிறேன், தேய்த்துக்கொள்.

உன் தம்பி


பிப்ரவரி 20

தம்பிக்கு,

படகும் வந்தது, தைலமும் வந்தது. முழங்கால் பரவாயில்லை. நாற்றம் தாங்காமல் சமையல்காரர் இரண்டு நாள் வெளியே அடுப்பு மூட்டினார். இந்தத் தீவில் இருப்பதே மூன்று பேர்: நான், ரேடியோக்காரர், அவர். அவரையும் விரட்டிவிட்டால் எனக்குச் சோறு யார் போடுவது?

நடுவர் ஆனதில் சந்தோஷம். உன் மனைவியிடமும் சொல்லு.

"இதற்கு மேல் எழுத மாட்டேன்" என்று முப்பது வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறாய். நானும் மறுபடி எழுதுகிறேன். தரையில் குத்தாமல் நேராகத் தொட்டியில் பட்டால் அவுட் என்பது நம் மாடியின் சட்டம். நீ அடித்த பந்து நேராகப் பட்டது. என் கண்ணால் பார்த்தேன். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது, கண்ணாடிகூடப் போடவில்லை. அந்தக் கேஸ் முடிந்துபோனது.

நடுவருக்கு என்னால் ஒரே ஒரு புத்தி சொல்ல முடியும். இங்கே மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை காற்று, மழை, வெப்பம் எல்லாம் பார்த்துக் கட்டத்தில் எழுத வேண்டும். நேரத்தைத் தவறவிட்டால் அந்தக் கட்டத்தில் பெருக்கல் குறி போட வேண்டும். "சுமாராக இவ்வளவு இருக்கும்" என்று எழுதினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பெருக்கல் குறி போட்டதற்காக இதுவரை யாரையும் அனுப்பவில்லை.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். என் மனைவியும் நலம், கொஞ்சம் பேச்சுக் குறைவு. உன் முழங்காலுக்கு இன்னொரு பாட்டில் அனுப்பட்டுமா, சமையல்காரரைக் கேட்டுச் சொல்லு.

பொதுவாக ஒரு சந்தேகம். ஒரு தளபதி இருக்கிறார் என்று வைத்துக்கொள். ஒரே ஒரு உயிர்தான் பாக்கி. ஒற்றன் பின்னால் வந்து பஞ்சுக் கத்தியால் குத்துகிறான். "செத்தாச்சு" என்கிறான் அவன். "போர்வையிலதான் பட்டுச்சு, உடம்புல படலை" என்கிறார் தளபதி. தோளில் போட்டிருக்கும் போர்வையில் பட்டால் அது அடியில் சேராது. எங்கள் பதினான்கு பக்கச் சட்டப் புத்தகத்தில் முதல் விதி, பட்டவர் சொல்வதை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது. ஆனால் இரண்டு பேரும் விடாப்பிடியாக நின்றால் நடுவர் "நில்" என்று கத்தலாம். எல்லோரும் அப்படியே சிலையாக நிற்க வேண்டும். நடுவர் சொல்வதே முடிவு.

நடுவர் "உடம்பில் பட்டது" என்று சொல்லிவிட்டார். தளபதி செத்தார். இரண்டு வருஷத் தளபதி. கோட்டையும் கையை விட்டுப் போயிற்று.

நடுவர் செய்தது சரிதானே? யாருக்கும் பயப்படாமல், வேண்டியவர் வேண்டாதவர் பார்க்காமல் சொன்ன தீர்ப்பு என்று பலரும் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். பொதுவாகத்தான் கேட்கிறேன்.

உன் தம்பி


மார்ச் 28

தம்பிக்கு,

முழங்கால் நலம், தைலம் வேண்டாம், சமையல்காரர் கையெடுத்துக் கும்பிடுகிறார்.

உன் பொதுவான சந்தேகத்துக்கு இரண்டு கேள்வி.

ஒன்று, அந்த "ஒரு தளபதி" தினமும் உன் எதிரில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறாளா? போன மாதம் "என் மனைவி தளபதி" என்று எழுதியவன் நீதான். கடிதத்தை நான் தூக்கிப் போடுவதில்லை.

இரண்டு, குத்து விழுந்தபோது நீ எங்கே நின்றாய்?

பதில் எழுது. வெயிலில் வெறுந்தலையோடு அலையாதே.

அக்கா


ஏப்ரல் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ கேட்டதற்கு ஒளிவுமறைவில்லாமல் பதில் எழுதுகிறேன்.

ஆமாம், தளபதி அவள்தான். சண்டை போடவில்லை. சண்டை போட்டாலாவது தேவலை. வீட்டில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. காபி வருகிறது, துணி மடித்திருக்கிறது. ஆனால் நான் எதைச் சொன்னாலும் "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும், பார்த்திருப்பீங்க" என்கிறாள். மழை வரும்போல இருக்கு என்றேன். "பார்த்திருப்பீங்க." பால் புளித்துவிட்டது என்றேன். "பார்த்திருப்பீங்க." மழையைப் பற்றியும் பாலைப் பற்றியும் பேசுவதையே நான் இப்போது விட்டுவிட்டேன்.

இதில் இன்னொரு சிக்கல். அவளுடைய கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கெனால் பாதியில் நிற்கிறது. செய்கிறவர் அதே பல் டாக்டர். தற்காலிகமாக அடைத்துவிட்டு இரண்டு வாரத்தில் வரச் சொல்லியிருந்தார். போக மாட்டேன் என்கிறாள். "என்னைக் குத்தினதா சொன்ன ஆள்கிட்ட வாயைத் திறந்துகிட்டு உட்காரணுமா?" ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருக்கிறது.

இந்த மாதம் அவள் குதிரைக்காரியாக விளையாட்டுக்கு வந்தாள். செத்தவர்களுக்கு அந்த வேலைதான் காலியாக இருந்தது. எங்களிடம் குதிரையே கிடையாது. லாயம் என்று எழுதிய பலகைக்குக் கீழே பிரஷ்ஷை வைத்துக்கொண்டு வெறும் காற்றைத் தேய்த்துக்கொண்டு நின்றாள். கோட்டையைப் பிடித்துக்கொடுத்ததற்காக ராஜாவாகிவிட்ட பல் டாக்டர் கிரீடம் வைத்துக்கொண்டு போய் "வணக்கம்" என்றார். காற்றுக் குதிரையின் பின்பக்கமாகத் திரும்பிக்கொண்டாள்.

நடந்தது உனக்குத் தெளிவாகப் புரியட்டும் என்று பேக்டரி முற்றத்தின் படம் வரைந்து வைத்திருக்கிறேன். அளவுகூடச் சரியாகப் போட்டிருக்கிறேன்.

வெயிலில் தொப்பி போட்டுக்கொள்.

உன் தம்பி


ஏப்ரல் 30

தம்பிக்கு,

தொப்பி போட்டிருக்கிறேன். அவளுடைய பல்லை முதலில் கவனி. வேறு டாக்டர் ஊரில் இல்லையா?

படம் வந்தது. அழகாக இருக்கிறது. ரேடியோக்காரரும் சமையல்காரரும் நானும் மேஜையில் விரித்துவைத்துப் பார்த்தோம். தளபதி இருக்கிறாள். பின்னால் பல் டாக்டர், அம்புக்குறியோடு. ராஜா, மந்திரி, இரண்டு தூண், பன் விற்கிற மேஜை, சைக்கிள் ஸ்டாண்டு, குழாய், குழாயடியில் ஒரு வாளி. வாளிக்குக் கைப்பிடிகூட வரைந்திருக்கிறாய்.

நடுவரைத்தான் காணோம்.

அக்கா


மே 30

தம்பிக்கு,

இரண்டு படகு வந்துபோய்விட்டது, உன் கடிதம் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? கோபம் என்றால் கோபம் என்று எழுதிவிடு. இங்கே படகு தெரிந்தால் மூன்று பேரும் துறைக்கு ஓடுகிறோம். அவர்களுக்கெல்லாம் கடிதம் வந்துவிடுகிறது. நான் வெங்காய மூட்டையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வருகிறேன்.

அக்கா


ஜூன் 8

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? அவர் நலம். கை கால் எல்லாம் நன்றாக இருக்கிறது. உங்களுக்கு மூன்று கடிதம் எழுதிக் கிழித்துப் போட்டதைக் குப்பைக்கூடையில் பார்த்தேன். நான் படிக்கவில்லை. கொஞ்சம் படித்தேன். "அக்கா, உண்மையில்" என்று மூன்றும் தொடங்குகிறது, அதற்குமேல் எதிலும் ஒன்றுமில்லை.

நீங்கள் தவறாக நினைக்கக்கூடாது என்று எழுதுகிறேன். தளபதி செத்ததற்காக நான் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு திரியவில்லை. விளையாட்டு என்றால் செத்துத்தான் ஆக வேண்டும். குதிரைக்காரி வேலையும் எனக்குப் பிடித்துப்போய்விட்டது, அவசரமில்லாத வேலை. ஆனால் அன்றைக்கு நாற்பது பேர் சிலை மாதிரி நிற்க, உடம்பில் படவில்லை என்று நான் சொன்னேன். பட்டது என்று அவர் சொன்னார். அப்படியானால் நான் பொய் சொன்னேன் என்றுதானே அர்த்தம்? சிக்னல் பச்சையாகத்தான் இருந்தது என்று என்னிடம் தினமும் நாலு பேர் கூசாமல் புளுகுகிறார்கள். நான் அந்த ரகமில்லை என்று பதினாறு வருஷமாகக் கூட இருக்கிறவருக்குத் தெரியாதா? அதுதான் உறுத்துகிறது, அண்ணி. பல் வலியைவிட அதிகமாக.

நேற்று அந்த மஞ்சள் பட்டையைத் துவைக்கப் போட்டேன். ஒரு ஓரத்தில் ஜாம் கறை. பன் விற்கிற மேஜை மேற்குத் தூணுக்குப் பின்னால் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் தூண்தான் தெரியும். மார்ச் மாதத்திலிருந்து அவர் ஜாம் பன்னையே விட்டுவிட்டார். சின்ன வயதிலிருந்தே அது என்றால் அவருக்கு உயிராமே.

நான் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டு வாங்கினால் அதில் ஒன்றுமில்லை, அவராகச் சொல்லட்டும்.

ஜாம் கறைக்கு வெந்நீரா, பச்சைத் தண்ணீரா? தெரிந்தால் எழுதுங்கள்.

உங்கள் தம்பி மனைவி


ஜூன் 22

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி.

மொட்டைமாடியில் நீ நாற்பத்தொன்பது ரன் எடுத்திருந்த அன்று, பந்து தொட்டியில் எப்படிப் பட்டது என்று நான் பார்க்கவில்லை.

எதிர்வீட்டு ஜன்னலில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. கலர் டி.வி. நம் தெருவுக்கே அதுதான் முதல். நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். டொம் என்று சத்தம் கேட்டுத் திரும்பினால் எல்லாப் பிள்ளைகளும் என் முகத்தையே பார்க்கிறார்கள். பார்க்கவில்லை என்று சொன்னால் மறுநாளிலிருந்து வேறு யாரையாவது நடுவராகப் போட்டுவிடுவார்கள். நாட் அவுட் என்றால் தம்பிக்காகச் சொல்கிறாள் என்பார்கள். அவுட் என்றேன். நீ மட்டையைப் போட்டுவிட்டு அழுதுகொண்டே கீழே இறங்கிப் போனாய்.

அதற்குப் பிறகு நீ கேட்கும்போதெல்லாம் "என் கண்ணால் பார்த்தேன்" என்று சொல்லிச் சொல்லி, நிஜமாகவே பார்த்ததுபோல ஒரு படமே மனதில் பதிந்துவிட்டது. அதில் பந்து போகிறது, தொட்டியில் படுகிறது. எல்லாம் நானே செய்துகொண்டது. இங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், பார்க்காத கட்டத்தில் பெருக்கல் குறி போடச் சொன்னார்கள். இவ்வளவுதானா, இவ்வளவு சுலபமா என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிப்ரவரியில் உனக்குப் பெரிய மனுஷி மாதிரி புத்தி சொன்னேன். அதே கடிதத்தில் அந்தப் பொய்யையும் மறுபடி எழுதினேன். மன்னித்துக்கொள்.

நீ எழுதாத மாதங்களில் எனக்கு இதேதான் ஓடிக்கொண்டிருந்தது. உன் முற்றத்துப் படத்தில் உன்னை எங்கே வரைவது என்று உனக்குத் தெரியும். நான் கேட்க மாட்டேன்.

அக்கா

பி.கு. ஜாம் கறைக்குப் பச்சைத் தண்ணீர்தான் என்று உன் மனைவியிடம் சொல்லிவிடு.


ஜூலை 16

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நிஜமாகவே நலம்.

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். ஒருவருக்குக் கண் பரிசோதனை பாதியில் நின்றது. ஜாம் கறை என்ற கடைசி வரியைப் படித்ததும், அவளுக்கு எல்லாம் தெரியும் என்று புரிந்து உட்கார்ந்தே விட்டேன். "எந்த எழுத்து தெரியுதுன்னு சொல்லவா வேண்டாமா?" என்று அவர் நாலு தடவை கேட்டிருக்கிறார். வீட்டுக்குப் போனால் பட்டை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது, கறை இல்லாமல். அவள் ஒன்றும் கேட்கவில்லை. அவளிடம் மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும் என்று சனிக்கிழமை வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

சனிக்கிழமை சண்டை நடுவில் "நில்" என்று கத்தினேன். நாற்பது பேரும் நின்றார்கள். மந்திரி ஒற்றைக் காலில் நின்றார், பாவம். நான் பேசி முடிக்கிற வரை அப்படியே நின்றார்.

சொன்னேன், அக்கா. "மார்ச் மாசம் தளபதியைக் குத்தினதை நான் பார்க்கலை. தூணுக்குப் பின்னாடி பன் தின்னுக்கிட்டிருந்தேன். படலைன்னு சொன்னா பொண்டாட்டிக்காகச் சொல்றான்னு நினைப்பீங்கன்னு பயந்து பட்டுச்சுன்னு சொல்லிட்டேன். அவ சொன்னது பொய்னு நான் ஒரு நாளும் நினைச்சதில்லை."

யாரும் சிரிக்கவில்லை. பல் டாக்டர்தான் கிரீடத்தைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தார். அவருக்கும் துணியில் பட்ட மாதிரிதான் இருந்ததாம். நடுவரே அடித்துச் சொல்கிறாரே, கண்ணாடிக்கடைக்காரர் வேறு, நமக்குத்தான் கை மரத்துவிட்டது என்று நம்பிவிட்டாராம். நாலு மாதமாக அந்தக் கிரீடம் தலையில் உட்காரவே இல்லை என்றார்.

அப்புறம் இரண்டு மணி நேரம் வாக்குவாதம். தளபதியை எழுப்பலாமா? எழுப்பினால் அதற்குப் பிறகு அந்தக் கோட்டையில் நடந்ததெல்லாம் என்னவாகும்? அங்கே ஒரு கல்யாணம்கூட நடந்திருக்கிறது. கடைசியில் அவளையே கேட்டார்கள். லாயத்திலிருந்து பிரஷ்ஷோடு வந்தாள்.

"செத்தது செத்ததாவே இருக்கட்டும். நான் பொய் சொல்லலைன்னு மட்டும் பதிவுப் புத்தகத்துல எழுதணும். இவர் கையால."

எழுதினேன். அவள் குனிந்து படித்துவிட்டு "தேதி போடுங்க" என்றாள். போட்டேன். நாலு மாதத்துக்குப் பிறகு அப்போதுதான் என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

இரண்டு விதி புதிதாகச் சேர்த்தார்கள். நடுவர் பார்க்கவில்லை என்றால் பார்க்கவில்லை என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு, பத்து எண்ணுகிற நேரம் பின்னால் போய் அந்தச் சண்டையைத் திரும்ப ஆடவைக்க வேண்டும். இரண்டாவது, நடுவரின் சொந்தக்காரர் வழக்கை வேறொருவர் கேட்க வேண்டும். எனக்கு மூன்று மாதம் பட்டை கிடையாது. அதுவரை லைப்ரரியில் வேலை பார்க்கிற அம்மா நடுவர். எனக்கு வேறு வேடம் தர வேண்டுமே என்றார்கள். "லாயத்துல ஒரு இடம் காலியா இருக்கு" என்றாள் என் மனைவி.

ஆமாம், அக்கா. நான் இப்போது குதிரை. பிரஷ் கொஞ்சம் முரடு. முதுகு பூரா கோடு கோடாக இருக்கிறது. அவள் தேய்க்கும்போது பாடுகிறாள்.

திங்கட்கிழமை பல் வேலையையும் முடித்துக்கொண்டாள். டாக்டர் ஊசி போடுவதற்கு முன்னால் "உடம்புலதான் போடறேன், போர்வைல இல்ல" என்றாராம். அவள் வாயைத் திறந்துகொண்டே சிரித்ததில் நாற்காலியே ஆடியதாம்.

இனி நம் கேஸ். உன் கடிதத்தை அவளுக்கும் படிக்கக் கொடுத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, உனக்கு இப்படி எழுதச் சொன்னாள்: மன்னிப்பெல்லாம் அப்புறம், புது விதிப்படி பார்க்காத பந்தைத் திரும்பப் போட வேண்டும். அந்த வீட்டை இடித்துவிட்டார்கள், மாடியும் இல்லை, தொட்டியும் இல்லை. பேக்டரி முற்றத்தில் குழாயடி வாளி இருக்கிறது. அது தொட்டி. டிசம்பரில் தீவு வேலை முடிந்து நீ திரும்பி வருகிறாய். உன் முழங்காலைப் பத்திரமாகப் பார்த்துக்கொள், நீதான் பந்து போட வேண்டும். நான் நாற்பத்தொன்பதிலிருந்து ஆடுகிறேன்.

நாம் இரண்டு பேரும் சொந்தக்காரர்கள் என்பதால் லைப்ரரி அம்மாவையே நடுவராகக் கேட்டிருக்கிறேன். பன் மேஜையை அன்றைக்கு மட்டும் எடுத்துவிடுவார்களாம்.

உன் தம்பி